ஓரத்தில் இருந்த கல்

அந்த ஊர் நடைபாதைகளில் வெள்ளைக் கற்களுக்கு நடுவே கறுப்புக் கற்கள் அலை அலையாக ஓடும். அவற்றைப் பதிப்பவர் கல்லை உள்ளங்கையில் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு தட்டுவார். அது அளவெடுத்ததுபோல் குழியில் போய் உட்காரும். மூன்று நாள் கேமராவோடு அவர் பின்னாலேயே நான் அலைந்ததில், ஒரே படத்தில்தான் சுத்தியலும் கையும் மாலை வெயிலும் ஒன்றாகக் கூடி வந்தன. "கண்காட்சிக்கு இதுதான். இனிமே நீ எதுவும் எடுக்க வேணாம்," என்றார் என் கணவர் பரிதி. கேமராவைக் கல் பதிப்பவரிடம் காட்டினேன். அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, ஓரத்தில் ஒரு கறுப்புக் கல்லைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் எழுந்துபோய், காலையில் பதித்திருந்த அந்தக் கல்லைப் பெயர்த்து, விளிம்பைக் கொஞ்சம் கொத்தி மறுபடி உட்காரவைத்தார். பிறகு பழைய இடத்துக்கே வந்து முழங்காலிட்டு, இப்போது எடு என்று கையசைத்தார். வெயில் போய்விட்டிருந்தது. எடுத்தேன். பரிதி எட்டிப் பார்த்தார். "மங்கலா இருக்கு அல்லி. முதல்ல எடுத்ததையே அனுப்பு."

"அதுல ஒரு கல்லு சரியில்லைங்க," என்றேன்.