சோதனை வாசல்

மூடிக்கிடந்த மில் இப்போது கடைவீதியாகிவிட்டது. நூல் சுற்றிய கூடத்தில் செருப்புக்கடை. பஞ்சுக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் உட்கார மர பெஞ்சுகள். கூரைக் கண்ணாடி வழியே மாலை வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. இளமை முழுக்க இங்கே நூல் சுற்றியவள், மகளோடு புதுச்செருப்பு வாங்கிக்கொண்டு வருகிறாள். பழைய வாசலில் சட்டென்று நின்று, இரண்டு கைகளையும் தூக்குகிறாள். செருப்புப் பை காற்றில் ஆடுகிறது. “என்னம்மா பண்றே? கையை இறக்கு,” என்கிறாள் மகள். “வெளிய போறப்ப தடவிப் பாப்பாங்களே, நூல்கண்டு எடுத்துட்டுப் போறோமான்னு.” காவலாளிக்குச் சங்கடமாகிறது. “இப்ப யாரும் பாக்கறதில்லம்மா, நீங்க பாட்டுக்குப் போங்க.” அவள் கைகளை இறக்குகிறாள். பையை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பி நடக்கிறாள். “எதையாவது விட்டுட்டியா?” “இல்ல, இரு.” பெஞ்சு வரைக்கும் போய்த் திரும்புகிறாள். கைகளை நன்றாக வீசிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டுகிறாள்.