கண்மூடாத பயணம்

இலவசமாகக் கொடுத்து எந்த வியாபாரியும் நொடித்ததில்லை. பெண்களுக்குப் பேருந்து இலவசம்தான். எதிரே திரையில் ஓடும் விளம்பரங்களைக் கண்மூடாமல் பார்க்க வேண்டும். மூடினால் வழியிலேயே இறக்கிவிடும்.

அதனால் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் தெரசாவும் அஞ்சலையும், ஏறும் முன்பே இமைமேல் மையால் கண் வரைந்துகொண்டு தூங்குவார்கள்.

"காலைலேர்ந்து நெஞ்ச அடைக்குதுடி" என்றாள் அஞ்சலை, அன்று நிறுத்தத்தில்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"ஒருநா வேலைக்குப் போவலன்னா வேற ஆள வச்சுக்குவாங்க. நீ கண்ணப் பெருசாப் போடு. நகைக்கடை வெளம்பரத்த ஆசையாப் பாக்க வேணாமா?"

இறங்குமிடம் வந்ததும் தெரசா உலுக்கினாள். அஞ்சலையின் கை சில்லென்று சரிந்தது. வரைந்த கண்கள் மட்டும் வைரத்தோட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

செத்தவள் கண் திறந்திருக்கக் கூடாதென்று, முந்தானையை எச்சிலில் நனைத்துத் தெரசா அவற்றைத் துடைத்தாள்.

பேருந்து பணிவாகச் சொன்னது: "சகோதரி, கண்ணை மூடிவிட்டீர்கள். தயவுசெய்து இறங்குங்கள்."