தட்டில் நடுங்கும் நீர்

பிரான்சின் சுண்ணாம்பு மண்ணுக்கு அடியில், எங்கள் ஜெர்மன் ரிசர்வ் படைப்பிரிவு தோண்டிய சுரங்கத்தின் முனையில் ஒற்றை மெழுகுவத்தி எரிகிறது. பலகையின் ஒரு கோடியில் தண்ணீர் ஊற்றிய தகரத்தட்டு இருக்கிறது; மறுகோடியில் காவலுக்கு இருக்கும் லெம்மல் உட்கார்ந்திருக்கிறான். போருக்கு முன்பு அவன் டிரெஸ்டனில் பீர் வண்டி ஓட்டியவன். நீரில் மெல்லிய வளையங்கள் ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் எதிர்ப்பக்கமிருந்து தோண்டும்போது கடப்பாரையின் ஒவ்வொரு குத்தும் மண் வழியே வந்து நீரை அசைக்கும். காதுக்கு எட்டாத குத்தும் நீருக்கு எட்டிவிடும். நீர் அசைகிறவரை பயமில்லை, அவர்கள் இன்னும் தோண்டுகிறார்கள். அசைவு நின்றால், தோண்டி முடித்து எங்களுக்குக் கீழே வெடிமருந்து அடைக்கிறார்கள் என்று பொருள்.

காவல் மாற்ற வந்த க்ரேயர், பழைய நிலக்கரிச் சுரங்கக்காரன், குனிந்து நுழைகிறான். “என்னய்யா, உசுரோட இருக்கியா?” “இருக்கேன். காலையிலேருந்து விடாம தோண்டுறானுங்க, தங்கமான பசங்க.” க்ரேயர் பலகையைப் பார்க்கிறான். “தட்டைத் தரையிலதானே வைக்கச் சொன்னேன்?” “தரை ஒரே சேறு. என் குதிரைக்குக்கூட அப்படித் தண்ணி வைக்கமாட்டேன்யா.” க்ரேயர் சிரிக்கவில்லை. லெம்மலின் முழங்காலில் கைவைத்து அழுத்துகிறான். குளிரிலோ பயத்திலோ ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த கால் நிற்கிறது. வளையங்கள் ஒவ்வொன்றாக விளிம்பில் போய் மறைகின்றன. நீருக்குள் மெழுகுவத்தியின் சுடர் நேராக நிற்கிறது. இரண்டு முகங்களும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெளிவாகத் தெரிகின்றன.

“அப்ப அவனுங்க எப்ப நிறுத்துனானுங்க?” என்று லெம்மல் கேட்கிறான், உதடு மட்டும் அசைய.