போன வருஷத்துக் கவுன்

"போதும். எழுந்து கையைக் கழுவு."

தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. சிட்டு ஒரு தடவை சித்தியைப் பார்த்தாள், ஒரு தடவை தட்டைப் பார்த்தாள். சித்தி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை உள்ளே வந்தாள். "பிள்ளைக்கு இன்னும் பசி அடங்கலம்மா" என்றாள்.

"ராத்திரி பால் குடிப்பா அண்ணி."

பாலா அது? முக்கால்வாசி தண்ணீர். அத்தை வாயைத் திறப்பதற்குள் சிட்டு முந்திக்கொண்டாள். "எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சு அத்தை." சொல்லும்போதும் கண் என்னவோ சமையலறைப் பக்கமே இருந்தது.

அத்தையின் தம்பி, சிட்டுவின் அப்பா, லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. சிட்டுவைப் பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடினாள். பிள்ளையோ இதயத்தில் குறையோடு பிறந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே நெஞ்சைத் திறந்து வால்வு வைத்தார்கள். தம்பி ஒண்டியாகவே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அவளைக் காப்பாற்றினான்.

தம்பியைக் கட்டிக்கொண்டு சித்தி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. "அவளுக்கும் இது ரெண்டாவது கல்யாணம்கா. பழசு எதையும் கிளறாதே" என்று தம்பி சொல்லியிருந்தான். அத்தையும் கிளறவில்லை. ஆனால் பச்சைப்பிள்ளை காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். காட்ட வேண்டிய நாள் தாண்டிப் போச்சாமே?"

சித்தியின் முகம் வெளுத்தது. "எதுக்கு அண்ணி? அவ நல்லாத்தானே இருக்கா."

"நல்லாவா? ஊதினா பறந்துடுவா போல இருக்கா!"

மறுநாள் காலையில் சித்தி சிட்டுவுக்குக் கவுனை மாட்டிவிட்டு, தோளிலும் முழங்காலிலும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். "போன வருஷத்துக் கவுன். இன்னும் அளவா இருக்கு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அத்தை பல்லைக் கடித்தாள்.

பஸ் ஏறும்போது இன்னொன்றையும் அத்தை கவனித்தாள். எல்லாரும் பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். இவள் மட்டும் அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையுமாக, கண்ணாடிச் சாமானைத் தூக்குவது போலத் தூக்கினாள். வாரி அணைத்துக்கொள்ளக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது!

டாக்டர் ஸ்கேன் எடுத்தார், எடை பார்த்தார். நெற்றி சுருங்கியது. "வால்வு நல்லா வேலை செய்யுது. பிள்ளைதான் வளரவே இல்ல. ரத்தம் வேற கம்மியா இருக்கும்போல." நர்ஸ் சிட்டுவை ரத்தம் எடுக்கப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அத்தை கொட்டித் தீர்த்துவிட்டாள். "எப்படி வளரும் டாக்டர்? பாதித் தட்டுல பிடுங்கிட்டுப் போனா எப்படி வளரும்? மாற்றாந்தாய் புத்தியைக் காட்டுறா!"

"உண்மையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்றுதான் அத்தை எதிர்பார்த்தாள். சித்தியோ குனிந்த தலையை மெல்ல ஆட்டினாள். ஆமாம்.

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். "அவ நல்லா வளரணும்னுதாம்மா இந்த வால்வையே வச்சோம். இது விரியிற வால்வு. அவ வளர வளர நாங்க இதைப் பெரிசாக்கிக்கிட்டே வரலாம். தொடையில சின்னதா ஒரு துளை போட்டு, அது வழியா பலூனை அனுப்பி விரிப்போம். நெஞ்சைத் திறக்கவே வேணாம்."

சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். "திறக்கவே வேணாமா?"

"வேணாம்மா. பிள்ளையோட அப்பாகிட்ட அப்பவே சொன்னேனே."

"வளர்ந்ததும் வால்வுக்காக மறுபடி வரணும்னு மட்டும்தான் அவர் சொன்னாரு..."

"முன்னெல்லாம் வச்ச வால்வு அப்படியே இருக்கும். பிள்ளை வளர்ந்தா பத்தாது, மறுபடி நெஞ்சைத் திறந்துதான் மாத்தணும். அதுல பிழைக்காமப் போன பிள்ளைங்களும் உண்டு. சிட்டுவுக்கு அது தேவையில்ல. நல்லா சாப்பிட வைங்க. எடை ஏறட்டும், விரிச்சுடலாம்."

சித்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே அத்தையும் போனாள். நடைபாதை பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்து, சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள் அவள். குட்டு வெளிப்பட்டதும் நீலிக்கண்ணீர்!

ஊசி குத்தும் அறையிலிருந்து "சித்தி! சித்தி!" என்று சிட்டுவின் குரல் கேட்டது. சித்தி துடித்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரு, நான் போறேன்" என்று அத்தை அவளைத் தள்ளினாள். "மூணு பெத்தவ சொல்றேன், கேட்டுக்க. நீயும் ஒண்ணைப் பெத்திருந்தாத்தானே உனக்கு அந்த வலி தெரியும்!"

சித்தி சுவரிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள்.

"பெத்தேன் அண்ணி. வளர்ந்ததாலதான் அவ செத்தா."