வாயின் இடது ஓரம்

“இன்னொரு தடவை சிரிம்மா.”

அவள் சிரித்தாள். வலது ஓரம் மேலேறியது. இடது ஓரம் அப்படியே கிடந்தது. அறுவை மருத்துவருக்குச் சட்டைக் காலருக்குள் வியர்த்தது.

இடது காதுக்குக் கீழே, கன்னத்தில், எலுமிச்சங்காய் அளவு கட்டி. ஊசியால் உறிஞ்சிச் சோதித்ததில், உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்று தெரிந்தது. விட்டால் வளரும் என்பதால் முந்தாநாள் எடுத்தாயிற்று. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிந்து ஓடுகிறது. ஒவ்வொரு கிளையையும் கண்ணால் பார்த்து ஒதுக்கிய பிறகே கத்தி வைத்தார். அவர் தனியாகச் செய்த முதல் கேஸ் இது.

“நரம்பை வெட்டிட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.” பெண்ணின் அப்பா கதவை மறித்து நின்றார்.

“வெட்டல சார். வீக்கத்தால சில பேருக்கு இப்படி…”

“சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகலாம்னீங்களே. பாதிச் சிரிப்பைத்தான் சொன்னீங்களா?”

பதினோரு மணிக்குத் தலைமை மருத்துவர் வருவார். அதற்குள் ‘வாயின் இடது ஓரம் அசையவில்லை’ என்று இவர் தன் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். அப்புறம் தனியாகக் கத்தியைத் தொட யார் விடுவார்கள்?

“கண்ணை இறுக்கி மூடும்மா.” மூடினாள். “நெத்தியச் சுருக்கு.” சுருக்கினாள். பிறகு தம்ளரை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மருத்துவரின் கண் அதற்குள் கேஸ் தாளுக்குப் போயிருந்தது.

அப்பாவின் போன் அடித்தது. நேற்று வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் தகப்பனார்.

“ஆமாங்க, இன்னிக்கும் கோணித்தான் இருக்கு… சரியாயிடும்ங்க… அப்படிச் சொல்லாதீங்க, அடுத்த மாசம் நிச்சயம்னு ஊர் பூரா சொல்லியாச்சு… ஹலோ? ஹலோ?”

எண்ணை மறுபடி அழுத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மருத்துவர் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க டாக்டர்.”

நிமிர்ந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயின் இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் ஏறியிருந்தன.

“அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சுதானே?”