இன்னும் ஆறு மாசம்

"போறேன்னு சொன்னா போகணும். இன்னும் ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் கேக்க வெக்கமா இல்ல?"

ஹாலில் புருஷன் ஜெஃப்ரின் போட்ட சத்தத்தில், கிச்சனில் தோசை சுட்டுக்கொண்டிருந்த பிரீத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அப்பா தாமஸ் தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவில் கேட்டி நகரத்துக்கு வந்து ஆறு மாதம் முடியப்போகிறது. அவருடைய விசிட்டர் விசாவில் இன்னும் ஆறு மாதம் எக்ஸ்டென்ஷன் கேட்டு இந்த வாரத்துக்குள் அப்ளை பண்ண வேண்டும்.

தோசையை அப்படியே விட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"வேற யாரை? பிரிட்டன்காரங்களைத்தான்." ஜெஃப்ரின் டிவியைக் காட்டினான். "ஐரோப்பிய யூனியனை விட்டுப் போறோம்னு ஓட்டு போட்டு மூணு வருஷம் ஆகப்போகுது. பார்லிமெண்ட்ல இன்னும் கத்திட்டே இருக்கானுங்க. இப்ப அக்டோபர் வரைக்கும் டைம் வாங்கியிருக்கானுங்க. இதெல்லாம் ஒரு பொழப்பா?"

டிவியில் பச்சை பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த எம்.பி.க்கள் ஆளுக்கொரு பக்கம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர் சோபாவில் தாமஸ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது. பாவம், டிவியை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

 அம்மா போன பிறகு அப்பா ஊரில் ஒற்றை ஆள். இங்கே அவருக்கு என்ன குறை? மாடியில் தனி ரூம், தனி பாத்ரூம். கார் இல்லாமல் வெளியே போக முடியாது, அவ்வளவுதான்.

ஊருக்குப் போகிறேன் என்று அவரும் இரண்டு தடவை ஆரம்பித்தார். இரண்டு தடவையும் பிரீத்தா அழுது, சாப்பிடாமல் கிடந்து, அவர் வாயை அடைத்துவிட்டாள். மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று நினைக்கிற மனுஷன் அவர். அவர் காதில் விழுகிற மாதிரியா இதைப் பேசுவது?

"மெதுவாத் திட்டுங்க. அப்பா தன்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுக்கப் போறாரு."

"நான் டிவியைத் திட்டுறேன். அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

மறுநாளும் அதே கச்சேரிதான். புதன்கிழமை ஜெஃப்ரின் ஒரு படி மேலே போனான்.

"ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும். எவ்வளவு நாள்தான் அடுத்தவங்க பொறுத்துக்குவாங்க?"

பிரீத்தா மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என் லண்டன் டீம்ல இப்பதான் சொன்னாங்க. பார்லிமெண்ட்டுக்குப் போன வாரமே ஈஸ்டர் லீவு விட்டாச்சு. இது பழைய வீடியோ. இதைத் தேடிப் பிடிச்சுப் போட்டுக்கிட்டு மூணு நாளா யாரைத் திட்டுறீங்க?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட ஜெஃப்ரின் டிவியை அணைத்தான். 

"எங்க அப்பாவை நேருக்கு நேர் போகச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்ல. அதுக்கு ஒரு பார்லிமெண்ட்டையே இழுத்துட்டு வந்திருக்கீங்க. மனுஷனா நீங்க?"

தாமஸ் மெல்ல எழுந்தார்.

"விடும்மா. மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாத. எனக்கு டிக்கெட் போட்டுடு. இதுக்கு மேலயும் இங்க இருந்தா எனக்கு மரியாதை இல்ல."

அப்பா இப்படிச் சொன்ன பிறகு எந்த மகளால் தடுக்க முடியும்?  பிரீத்தா அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் போட்டாள்.

அதன் பிறகு புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. புனித வெள்ளி ஆராதனையில் அப்பாவை நடுவில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். ஈஸ்டர் பிரியாணியை ஜெஃப்ரின் தானே போட்டுச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை ஏர்போர்ட்டுக்கு ஜெஃப்ரின்தான் கார் ஓட்டினான். பெட்டிகளை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்ததும் பிரீத்தா வெடித்தாள்.

"இனிமே எங்க அப்பாவை எந்த முகத்தோட நான் கூப்பிடுவேன்? நீங்கதான் அவரைத் துரத்துனீங்க. செத்தாலும் இதை நான் மறக்க மாட்டேன்."

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வீல்சேர் கேட்க கவுன்ட்டர் பக்கம் போனாள்.

தாமஸ் மருமகன் பக்கத்தில் வந்தார்.

"ரொம்பத் திட்டிட்டாளா, மாப்ள?"

"இருக்கட்டும் மாமா. நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க."

மகள் கவுன்ட்டரில் பேசிக்கொண்டிருக்கிறாளா என்று தாமஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஜெஃப்ரினின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லிக் குடுத்ததை விட நல்லாவே திட்டுனீங்க, மாப்ள."