ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு படகு

"ஓடுறது கெடக்கட்டும்ங்க. இது நிக்குமா?"

மாயாண்டி இப்படிக் கேட்டதும் ஞானரட்ணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து இந்தப் படகு பாயும், அந்தப் படகு பறக்கும் என்று சொல்லிச் சொல்லி நாக்கில் நுரை தள்ளியிருந்த மனிதர் அவர். படகு நிற்குமா என்று கேட்பதற்கென்றே ஓர் ஆள் பிறந்து, வளர்ந்து, பஸ் ஏறி நுவரெலியா வரைக்கும் வந்திருக்கிறார்!

ஏப்ரல் சீசன். ஏரிக்கரையில் கொழும்புக் கம்பெனி ஒன்று படகுக் கண்காட்சி போட்டிருந்தது. படகுகளுக்கு அடித்திருந்த வார்னிஷில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம். ஒரு துரை கத்தரித்தே விட்டதாகவும் பேச்சு. வருகிறவர்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லக் கம்பெனி நிறுத்தியிருந்த குமாஸ்தாதான் ஞானரட்ணம்.

தொப்பி போட்ட துரைமாருக்கும் குடை பிடித்த துரைசாணிமாருக்கும் நடுவில் பழைய கம்பளிக் கோட்டும் வெறுங்காலுமாக நின்றார் மாயாண்டி. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். அங்கே மேடோ பள்ளமோ, தேயிலை நட்ட துண்டு ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு 'மலை' என்பார்கள்.

"நங்கூரத்தப் போட்டா நாலு நாளைக்குக்கூட நிக்கும்ப்பா. எங்க கொண்டுபோகப் போற?"

"ஏழாம் நம்பர் மலைக்குங்க."

"மலைக்கா?"

பக்கத்தில் நின்ற கம்பெனி லொறி டிரைவர் இராமையா விடுவாரா? "அடேங்கப்பா! மலை ஏறப் படகு வாங்குற ஆளு, ஏரியில எறங்க ஏணி வாங்குவியா?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை விசில் என்று நினைத்து நானுஓயா ஸ்டேஷனில் ரயில் ஐந்து நிமிஷம் முந்திப் புறப்பட்டிருக்கும்.

மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "அணை கட்டித் தண்ணியத் தேக்கிப்புட்டாங்க, ஐயா. போற பாதையெல்லாம் முங்கிப்போச்சு. எங்க வீட்டுக்காரி ஏழாம் நம்பர் மலையிலதான் இருக்கா. நான் அங்க போயி ஏழு மாசமாச்சு."

சிரிப்பு அடங்கியது. இராமையா தலையைச் சொறிந்தார்.

"சுத்திப் போக வழியில்லியா?" என்றார் ஞானரட்ணம்.

"எப்படிச் சுத்துனாலும் தண்ணிதாங்க. தோட்டத்துத் தொரைக்கிட்ட கெஞ்சிப் பாத்தேன். ஒரு ஆளுக்காகப் படகு விட முடியாதுன்னுட்டாரு. அதான் ரெண்டு பசுவையும் வித்துப்புட்டு வந்தேன். வர்ற வெள்ளிக்கெழம நான் அவகிட்ட இருக்கணும்ங்க."

"என்ன விசேஷம்?"

"அது அவளோட நாளுங்க."

ஞானரட்ணத்துக்குத் தன் வீட்டு நினைப்பு வந்தது. அவரும் மனைவி டோரீனும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு: கருவாட்டில் உப்பு. இங்கே ஒருவர் பெண்டாட்டியிடம் போய்ச் சேரப் பசுக்களை விற்றுவிட்டு நிற்கிறார்.

ஓடினார் கம்பெனித் துரையிடம். ஆட்களை ஏற்றிக் காட்டிக் காட்டி வார்னிஷ் உரசிப்போன சின்னத் துடுப்புப் படகு ஒன்று கிடந்தது. அதைப் பசு விற்ற காசுக்கே கொடுத்துவிடச் சொல்லி அவர் கெஞ்சிய கெஞ்சலில் பீதுருதாலகால மலையே இரண்டடி கரைந்திருக்கும். துரையும் கரைந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் படகு இராமையாவின் லொறியில் தோட்டத்துக்குப் போனது. துடுப்புப் போடச் சொல்லிக்கொடுக்க ஞானரட்ணமும் கூடவே ஏறிக்கொண்டார். வருகிற வழியில் டோரீனுக்கு ஒரு சேலைத் துண்டு எடுத்துவிடுவது என்று லொறியிலேயே முடிவாகிவிட்டது.

கரையில் காத்திருந்தார் மாயாண்டி. முகச் சவரம், வெளுத்த வேட்டி, மடியில் வெற்றிலை, கையில் இரண்டு முழம் பூ. புது மாப்பிள்ளை தோற்றான்.

எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். அக்கரையில் தொழிலாளர் லயத்துக் கூரைகள் புகைந்தன. அதற்கு மேலே மலைச்சரிவில் பெண்கள் கூடையும் முதுகுமாகப் புள்ளி புள்ளியாய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கால்மணி நேரம் படகு பம்பரம் சுற்றியது. பிறகு மாயாண்டியின் கைக்குத் துடுப்பு பிடிபட்டுவிட்டது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கையல்லவா?

"அப்படித்தான், இழுங்க அண்ணே!" மூன்று நாளில் 'அப்பா' போய் 'அண்ணே' வந்திருந்தது ஞானரட்ணத்தின் வாயில். "அண்ணி அங்க பாத்துக்கிட்டிருப்பாங்க. எது அண்ணி? அந்தச் செவப்புச் சேலையா?"

மாயாண்டி அக்கரையைப் பார்க்கவே இல்லை. திரும்பித் திரும்பிக் கொழுந்து ஆலையின் புகைக்குழாயைப் பார்த்தார். பிறகு அணைப்பக்கம் ஒற்றையாய் நின்ற சவுக்கு மரத்தைப் பார்த்தார். தேயிலைக் கன்று நட நேர் பிடிக்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று படகை நகர்த்தினார்.

நட்டநடுத் தண்ணீரில் துடுப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

"என்னண்ணே, நிறுத்திட்டீங்க? மலை இன்னும் அம்புட்டுத் தூரம் கெடக்கே!"

மாயாண்டி மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்தார்.

"அது பத்தாம் நம்பருங்க, ஐயா. அவளப் பொதச்ச மலை நமக்குக் கீழ இருக்கு."